குதிரை வண்டிக்குப் போட்ட பாதையில் அம்மா மலையேறியது

2023 இலையுதிர் காலத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சார்லட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மோசஸ் கோன் பூங்கா; வட கரோலினாவில் புளோயிங் ராக் ஊரை ஒட்டிய மலை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் காருக்குள்ளயே இருக்கறேன்" என்றார்.

இறங்கியதும் எதிரே பெரிய வெள்ளை மாளிகை. டெனிம் துணி ஆலை நடத்திய மோசஸ் கோன் 1900 வாக்கில் கட்டியது, சுற்றிலும் 3,500 ஏக்கர், ஆப்பிள் தோட்டமெல்லாம் வைத்திருந்தார் என்று சொன்னேன். ஈரோட்டில் சின்ன வயதிலேயே நெசவுத் தறிக்கு நூல் தார் சுற்றப் போனவர் அம்மா. "தறிக்காரங்க ஊடா இது?" என்று காரை விட்டு இறங்கிவிட்டார்.

கோன் தன் குதிரை வண்டிகளுக்காக 40 கிலோமீட்டர் பாதை போட்டிருக்கிறார். குதிரை திணறாமல் வண்டியை இழுக்க வேண்டுமே, அதனால் பாதை மலையை வளைத்து வளைத்து மெதுவாக ஏறுகிறது. முழங்காலுக்கு இதைவிட இதமான மலைப்பாதையை நான் பார்த்ததில்லை. சைக்கிளுக்கு அனுமதி இல்லை; நடப்பவர்களும் குதிரைகளும்தான்.

பாதி வழியில் வயதான ஒரு பெண்மணி குதிரையில் வந்தார். குதிரை மிரளக் கூடாதென்று ஓரமாக, அசையாமல் நின்றோம். அவரே நிறுத்தி, தொட்டுப் பார்க்கச் சொல்லி அம்மாவுக்குச் சைகை காட்டினார். அம்மா குதிரையின் கழுத்தில் கை வைத்தார். வியர்வை ஈரத்தோடு பழுப்பு முடி நாலைந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் அதைத் துடைக்கவே இல்லை.

அப்புறம் கோன் தம்பதியின் கல்லறை வந்தது. மோசஸ் கோன் 1908-இல், 51 வயதில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி பெர்தாதான் 1947-இல் இறக்கும்வரை தோட்டத்தை நடத்தினார். அதன் பிறகே இந்த இடம் தேசியப் பூங்காத் துறைக்கு வந்து, எல்லோரும் நடக்கும் பூங்காவானது.

"நாப்பது வருசம் ஒத்தையாவா பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டு அம்மா அங்கேயே நின்றார். அப்பா போய் அப்போது இரண்டு வருடம். நானும் அவசரப்படுத்தவில்லை.

2024 செப்டம்பரில் ஹெலின் புயல் அந்த மலையைப் புரட்டிப் போட்டது. வண்டிப் பாதைகளும் சேதமாகிவிட்டன என்று போனில் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தக் குதிரைக்காரம்மா நல்லா இருக்காங்களா கண்ணு?"