ஃபயர்வால் போட்ட பிறகும் 8080 போர்ட் வெளியே திறந்திருக்கிறது

இரவுப்பூனை:
என் வெப் ஆப் ஓடும் டாம்கேட் சர்வருக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் பிராக்ஸியாக என்ஜின்எக்ஸ் வைத்திருக்கிறேன். எச்டிடிபிஎஸ், பாஸ்வேர்டு எல்லாம் என்ஜின்எக்ஸில்தான். நேற்று இரவு சும்மா மொபைலில் சர்வர் ஐபியோடு :8080 சேர்த்து அடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டே கேட்காமல் அட்மின் பக்கம் வந்து நிற்கிறது! வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகள் தவிர எல்லாவற்றையும் தடுத்திருக்கிறேன். அப்புறம் எப்படி?

ஒற்றைவரி:
டாம்கேட் வழக்கமாக எல்லா முகவரியிலும் லிசன் செய்யும். சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலில் 8080 கனெக்டருக்கு அட்ரஸ் 127.0.0.1 (அதே மெஷினுக்குள் மட்டும்) என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரவுப்பூனை:
செய்தேன். இப்போது என்ஜின்எக்ஸே 502 பிழை (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) காட்டுகிறது. டாம்கேட் டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனியாகப் பிரித்து வைத்த சூழலில் ஓடுகிறது, அதனாலா?

பழையகம்பி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். வெளியே இருக்கும் என்ஜின்எக்ஸால் தொட முடியாது. அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

ஃபயர்வால் ஏமாந்ததற்கும் டாக்கர்தான் காரணம். போர்ட்டைப் பப்ளிஷ் செய்ததும் அது லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். பாக்கெட் முகவரி மாறி ஃபார்வர்டு (வேறிடத்துக்குக் கடத்தும்) வழியே கன்டெய்னருக்குப் போய்விடும். யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் போட்ட தடை இருப்பது இன்புட் (சர்வருக்கே வருவதற்கான) வழியில். காவலாளி ஒரு பக்கம், ஆள் போவது வேறு பக்கம்.

கன்டெய்னர் அமைப்புகள் இருக்கும் கம்போஸ் ஃபைலில் 8080:8080 என்பதை 127.0.0.1:8080:8080 என்று மாற்றுங்கள். ரீஸ்டார்ட் மட்டும் போதாது, கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

மூன்றாம்சாமம்:
டாம்கேட் வால்வில் (கோரிக்கைகளை வடிகட்டும் அமைப்பு) ஐபி வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். நான் ஒருமுறை பிராக்ஸியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து நிம்மதியாகத் தூங்கப் போனேன். எல்லாரும் பிராக்ஸி வழியாகத்தானே வருகிறார்கள், அட்மின் பக்கம் ஊருக்கே திறந்து கிடந்தது. குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் என்றால் என்ஜின்எக்ஸிலேயே தடுப்பதுதான் எளிது.

இரவுப்பூனை:
சரியாகிவிட்டது, நன்றி. திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டில் 0.0.0.0:8080 (எல்லா முகவரியும்) போய் 127.0.0.1:8080 வந்திருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைலில் பார்த்தேன், கனெக்ட் ஆகவில்லை.

டாம்கேட் லாகையும் புரட்டினேன். என்ஜின்எக்ஸ் வழியாக வந்ததெல்லாம் டாக்கர் நெட்வொர்க்கின் முகவரியான 172.18.0.1 என்று பதிவாகியிருக்கிறது. நடுநடுவே முன்பின் தெரியாத ஐபிகள், ஒவ்வொன்றும் டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தைத் தேடி. டேட்டாபேஸ் பாஸ்வேர்டிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.