மடிப்பு கேரவன் வாங்கும் முன்: எங்கள் அனுபவங்கள்

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

பிரான்சில் 26 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஓட்டலில் தங்கினால் கட்டுப்படி ஆகாது. அதனால் பழைய ராப்பிடோ கம்பெனி மடிப்பு கேரவன் ஒன்று வாங்கினோம். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர், நிறுத்திய இடத்தில் விரித்தால் வீடு. கோன்ஸ்தான் ரூசோ என்ற மரவேலைக்காரர் மாயென் என்ற ஊரில் 1961-ல் தொடங்கிய வேலை அது. கூரையைத் தூக்கிவிட்டுப் பக்கச் சுவர்களை ஒவ்வொன்றாகக் கீலில் நிமிர்த்தினால் கட்டில், அடுப்பு, மேஜையோடு ஓர் அறை. மடக்கிவிட்டால் இடுப்பு உயரப் பெட்டி. பின்கண்ணாடியில் பாதை மறையாது, எதிர்காற்றில் கார் திணறாது.

என் தம்பி மகன் இப்போது அப்படி ஒன்று தேடுகிறான். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

விற்றவர் ஆறடி ஆள். எங்கள் கண் முன்னால் இரண்டே நிமிடத்தில் விரித்துக் காட்டினார். பார்த்த மகிழ்ச்சியில் பணத்தைக் கொடுத்துவிட்டோம். முதல் பயணம் பிரெத்தாஞ் கடற்கரைக்கு. சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் மழை, பக்கவாட்டில் காற்று. என் மனைவி ஐந்தடி உயரம். கூரைப் பிடி அவளுக்கு எட்டவில்லை. நான் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்க, அவள் நிமிர்த்திய சுவரைக் காற்று திருப்பித் தள்ளியது. விரல் கீலுக்குள் போய் நகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வீட்டில் யார் குள்ளமோ, யாருக்குத் தோள்வலியோ, அவர்கள் கையால் இரண்டு முறை விரித்து இரண்டு முறை மடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எடை. எங்கள் வண்டியின் வெற்று எடை 480 கிலோ. அதில் கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், அரிசி, பாத்திரம், போர்வை எல்லாம் ஏறிய பிறகு எவ்வளவு என்று நினைத்தே பார்க்கவில்லை. பிரான்சில் சட்டம் பார்ப்பது வண்டியும் சாமானும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட முழு எடையை. அது 500 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு அட்டை வேண்டும். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும். 'லேசான வண்டி' என்று யாராவது சொன்னால், சாமான் ஏற்றிய பிறகா, முன்பா என்று கேளுங்கள்.

அப்புறம், மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்களுடையதில் பின் மூலையில் பிளைவுட் மெத்தென்று உள்ளே போனது. ரப்பர் பீடிங் காய்ந்து விரிசல் விட்டு, அந்த வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே புது பெயின்ட் அடித்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஐயா சொன்ன எடை விஷயத்தில் நான் உயிர் பிழைத்தவன். இங்கே ஒரு பட்டறையில் கித்தான் கூரை வைத்த சின்ன மடிப்பு டிரெய்லர் செய்து வாங்கினேன். பிச்சாவரம் போகும்போது ஜெனரேட்டரையும் ஐஸ் பெட்டியையும் பின்கோடியில் வைத்துவிட்டோம். சிதம்பரம் ரோட்டில் வேகம் 70-ஐத் தொட்டதும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் காரையே இழுத்து ஆட்டியது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். மெல்ல மெல்ல அடங்கியது. பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள்.

கனமான சாமானைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி வைக்க வேண்டும். கொக்கியில் இறங்கும் பாரம் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருந்தால் நல்லது. ஆனால் காருக்கும் கொக்கிக்கும் சொல்லியிருக்கும் வரம்பைத் தாண்டக்கூடாது. அளப்பது சுலபம்: சமதரையில், கொக்கி காரில் மாட்டும் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் நிறுத்தி, அதில் டிரெய்லரின் முனையை உட்கார வைத்தால் போதும்.

இன்னொன்று. 'டிரெய்லருக்குப் பதிவு வேண்டாம்' என்று பட்டறையில் சொன்னார்கள். தவறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்றாலே டிரெய்லரும் சேர்த்திதான். முழு எடை 750 கிலோ வரை உள்ள டிரெய்லர் டி1 (T1) என்ற வகை. பணம் கொடுக்கும் முன்பே பேப்பரைக் கேளுங்கள்.

புதுச்சேரி, வில்லியனூரிலிருந்து:

கித்தான் வைத்தது எடையில் ரொம்பக் குறைவு, உண்மைதான். ஆனால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைக்கு அது கைக்குழந்தை மாதிரி. ஏற்காட்டில் ஈரத்தோடு மடித்து வந்தோம். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டதால் நாலாம் நாள்தான் பிரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் மிளகு தூவியது போலக் கரும்புள்ளி, துவைத்தாலும் போகவில்லை. வீடு வந்ததும் மொட்டை மாடியிலாவது விரித்து உலர்த்த இடம் இல்லாதவர்கள், முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன கெட்டிச் சுவர் வகையைப் பார்ப்பதே நல்லது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்று வாசலில் நின்ற டிரெய்லரின் சக்கரம் தண்ணீரில் மூழ்கிவிட்டது. மேலே ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு எடுத்தபோது பேரிங் கரகரவென்று சத்தம். கிரீஸ் முழுக்கத் துருச்சேறு.

முத்தியால்பேட்டையிலிருந்து மறுபடியும்:

வில்லியனூர் தங்கச்சி சொன்ன பேரிங்கோடு டயரையும் பாருங்கள். ஓடாமல் நின்ற டயருக்குப் பட்டன் (தரையில் பதியும் வரிகள்) புதிதாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது.

தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பக்கம் ஒன்றைப் பார்க்கப் போகிறான். கித்தான் இல்லை, கெட்டிச் சுவர். நானும் போகிறேன். டார்ச்சும் எடை மெஷினும் எடுத்து வைத்தாயிற்று. அவன் மனைவியையும் கட்டாயம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், விரிக்கப் போவது அவள்தான்.