தீவு மைக்ரோகிரிட்: பேட்டரி போதுமா, ஃபியூயல் செல்லும் வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. தொலைதூரத் தீவு ஒன்றுக்கான சோலார், காற்றாலை மைக்ரோகிரிட் (அந்த இடத்துக்கு மட்டுமான சிறிய மின்கட்டமைப்பு) வடிவமைப்பில் ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கைகொடுங்கள்.

பகலில் சேமித்து இரவில் செலவழிக்க லித்தியம் பேட்டரியே சரி, அதில் குழப்பமில்லை. வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு வாரம் காலை வாரினால்தான் சிக்கல். அதற்கும் பேட்டரியே என்றால், ஆண்டில் பெரும்பாலான நாள் அது சும்மா கிடக்கும். உபரி மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றிச் சேமிக்கும் பக்கம் போனால் இழப்பு அதிகம்: ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி) சுமார் 50 முதல் 55 யூனிட் வரை தின்கிறது, அந்த ஹைட்ரஜனை மீண்டும் மின்சாரமாக்கும் ஃபியூயல் செல் திருப்பித் தருவதோ ஏறக்குறைய 16 யூனிட்தான். ஆனாலும் எப்படியும் வீணாகப்போகும் உபரி மின்சாரம் என்பதால் மனம் ஒப்புகிறது. நார்வேயின் உட்சிரா தீவில் 2004-லேயே காற்றாலையையும் ஹைட்ரஜனையும் வைத்து 10 வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

உப்புக்காற்றில் ஃபியூயல் செல்லின் காற்று ஃபில்டரை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? எலக்ட்ரோலைசருக்கான சுத்த நீரைக் கடல்நீரிலிருந்தே எடுக்கிறீர்களா? அப்புறம், அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரே மேல் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.