சஸ்பென்ஷன் சீட்போஸ்ட்டில் சேடில் பேக் மாட்டிப் பட்ட பாடு

முதுகு வலிக்காக சைக்கிளில் சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த தண்டு) போட்டேன், குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோப் வகை, 40 மி.மீ. இறங்கும். முதுகு தப்பித்தது, சீட்டுக்கு அடியில் தொங்கும் சேடில் பேக் மாட்டிக்கொண்டது. அந்தப் பைக்கு மூன்று பட்டை, இரண்டு சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பிகளில், ஒன்று போஸ்ட்டைச் சுற்றி. வழக்கம்போல மூன்றையும் இறுக்கிவிட்டுக் கிளம்பினால் சீட் பாதிதான் இறங்குகிறது. ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்து, கிரீஸ் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: மூன்றாவது பட்டை ஏறி இறங்கும் மெல்லிய தண்டில் இருக்கிறது, தன் அகலத்துக்கு இறக்கத்தை அதுவே தடுக்கிறது! கழற்றினால் வெல்க்ரோவில் சிக்கிய மண் தண்டெல்லாம் கோடு போட்டிருந்தது.

சரி என்று கீழே அசையாத தடித்த குழாய்க்கு மாற்றினேன். அது இன்னும் மோசம். பையின் மேல்பாதி சீட்டோடு இறங்கும், கீழ்ப்பாதி அங்கேயே நிற்கும், குழிக்குக் குழி நசுங்கி நிமிர்ந்து தையலே பிரிந்துவிட்டது. போதாததற்கு உள்ளே இருந்த மாற்று டியூப் மல்டிடூலோடு (மடக்குக் கருவி) உரசி ஓட்டை. அது எப்போது தெரியும், பஞ்சரான அன்றைக்குத்தானே.

இப்போது கம்பியை மட்டும் கவ்வும் கிளிப் வைத்த சின்னப் பை. டியூப் (பழைய சாக்ஸுக்குள்), டயர் கழற்றும் லீவர், மல்டிடூல், ஒட்டுப்போடும் சாமான், அவ்வளவுதான் பிடிக்கும்.

பதில் 1:
என்னுடைய சீட்போஸ்ட் குழாய்க்குள் குழாய் இல்லை, மடங்கும் இணைப்புக் கைகள் வைத்த வகை. இது நேராக இறங்காது, பின்பக்கமாகச் சாய்ந்து டயரை நோக்கியே போகும். சும்மா நிறுத்திவைத்து அளந்தபோது தாராளமாக இடம் இருந்தது, முதல் பள்ளத்திலேயே டயர் பையின் அடியைத் தேய்த்துவிட்டது. போஸ்ட்டைச் சுற்றும் பட்டை இதில் கூடவே கூடாது, கைகளுக்கு நடுவே போய் மாட்டும். இறக்கமும் மாடலுக்கு மாடல் வேறு, ரெட்ஷிஃப்ட் ஷாக்ஸ்டாப் என்ற போஸ்ட்டுக்கு 35 மி.மீ., தட்பஸ்டர் எல்டி என்பதற்கு 90 மி.மீ. பையின் அடிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியிலிருந்து உங்கள் போஸ்ட்டின் இறக்கத்தைக் கழித்து, மீதி 2 செ.மீ. கூட இல்லையென்றால் சாமானை சைக்கிள் சட்டத்தில் மாட்டும் ஃப்ரேம் பையில் போட்டுவிடுங்கள்.

பதில் 2 (பதிவிட்டவர்):
இதைப் படித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். 7 செ.மீ. இருக்கிறது, இறக்கம் போக 3. மட்கார்டு போடலாம் என்றிருந்தேன், அது இந்த இடைவெளியையும் குறைக்கும் என்பதால் தள்ளிவைத்தாகிவிட்டது.