நன்றாக யோசிக்கிற ஒரு ஆளை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அனுபவத்தை எழுதுங்கள்

தங்கச்சிமடம் உறுப்பினர்:

மண்டபத்தில் இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு காக்காவைப் பற்றி எழுதுகிறேன். (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.) பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு தாண்டாதவர். ஒரு கோளாறை எப்படி யோசித்துக் கண்டுபிடிப்பது என்பதை அவரைவிடத் தெளிவாகச் செய்து காட்டிய ஆளை நான் பார்த்ததில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுப்பவன். அதனால் அன்றைக்கு அவர் செய்ததை ஒன்று விடாமல் கவனித்தேன்.

என் சித்தப்பா மகனுடைய நாட்டுப்படகில் இன்ஜின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆகும், நல்லாத்தான் ஓடும், கொஞ்ச தூரம் போனதும் திணறி நின்றுவிடும். நின்றதும் தம்பி டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்கும். மூடிவிட்டு பில்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவான், டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுப்பான். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினால் ஓடும். "பில்டர்தான் அடைச்சிருந்துச்சு" என்று கரைக்கு வந்து சொல்வான். மறுநாள் பழைய கதைதான். புது பில்டர் போட்டான், டியூப்பை மாற்றினான், டீசலே சரியில்லை என்றான். காசு போனதுதான் மிச்சம்.

காக்கா வந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. "நின்ன உடனே முதல்ல என்ன செய்வ? ஒண்ணு விடாம சொல்லு தம்பி" என்றார். அவன் சொன்னான். "மூடியைத் திறப்பேன்னு சொன்னியே, ஒவ்வொரு தடவையும் திறப்பியா?" "ஆமா காக்கா, டீசல் இருக்கான்னு பாக்கணும்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "மூடியில இருக்க காத்து ஓட்டை அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன். படகு கட்டுனபடியே இருக்கட்டும், மூடியைக் கழட்டி வச்சுட்டு ஓட்டுவோம். அப்படியும் நின்னுச்சுன்னா நான் நினைச்சது தப்பு, வேற இடம் பாக்கணும்."

இன்ஜின் நிற்காமல் ஓடியது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவர் மூடியை மறுபடி இறுக்கி மூடிவிட்டு, நிற்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். நின்றது. மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் எங்களுக்கே கேட்டது. ஓட்டையில் கம்பியை விட்டுக் குத்தினார். உப்பும் கிரீஸும் சேர்ந்து கெட்டிப்பட்ட கருப்பு அழுக்கு வந்தது. அதே மூடியைப் போட்டு ஓட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு இல்லை.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து டீசல் லைனுக்குள் இறங்காது. தம்பி வெறுமனே பார்ப்பதற்காக மூடியைத் திறந்தபோதெல்லாம் கோளாறு தானாகச் சரியாகிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் பில்டருக்குப் போனது. மூன்று வேலையை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எது நடந்தால் தன் ஊகம் தப்பு என்பதை, கையை வைப்பதற்கு முன்பே அவர் வாய்விட்டுச் சொன்னார். படித்தவர்களிடமே இது அபூர்வம். 1960-ல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற எண்கள் என் மனதில் உள்ள விதிக்குப் பொருந்தும்; நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன்; விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் 8, 10, 12 மாதிரியே கேட்டார்கள். 'பொருந்தும்' என்று பதில் வர வர, இரண்டு இரண்டாகக் கூடுவதுதான் விதி என்று உறுதியாகிவிட்டார்கள். அவர் வைத்திருந்த விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

இதை என் பிள்ளைகளிடம் விளையாட்டாக வைத்தேன். எல்லோரும் 20, 22, 24 என்று போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "இல்லைன்னு வரும்னு நினைக்கிறதைக் கேக்கலாமா சார்?" என்றாள். 3, 10, 11 என்று கேட்டாள். பொருந்தும் என்றேன். வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. மனப்பாடத்தில் பின்தங்கிய பிள்ளை என்று அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நாம் எந்தப் பரீட்சையிலும் மார்க் போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ராமேஸ்வரம் உறுப்பினர்:

எங்கள் ஊர்க்காரர் கலாம் பல கூட்டங்களில் சொன்ன விஷயம் ஞாபகம் வந்தது. அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். சிறுவன் கலாம் புரியவில்லை என்றான். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஐயர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் பறவைகளைக் காட்டினார். இதில் எல்லோரும் மாணவனைத்தான் பாராட்டுவார்கள். பாடம் சரியாக நடத்திவிட்டோம் என்ற தன் நினைப்பை அந்த ஒரு பதிலுக்காக விட்டுக்கொடுத்த ஆசிரியரைத்தான் நான் முதலில் வணங்குவேன்.

தொண்டி உறுப்பினர்:

சரி, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க முடியாது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு, காற்று அவ்வளவாக இல்லையே, போய்த்தான் பார்ப்போம் என்பது சோதனை ஆகாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு அலைக்குள் போனது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நினைத்தது தப்பானால் எது போகும் என்ற கேள்விதான் எனக்கு முதலில். காசு போகும், நேரம் போகும் என்றால் தாராளமாகச் சோதிக்கலாம். உயிர் போகும் என்றால், அடுத்தவன் பட்டதை வைத்தே கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் காக்கா படகைக் கட்டி வைத்து ஓட்டியதை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சின்னப்பாலம் உறுப்பினர்:

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு முங்கி மரிக்கொழுந்து என்கிற கடல்பாசியை எடுப்பார்கள். இங்கே கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. காற்று கொஞ்சம் மாறினாலும் தண்ணீர் கலங்கிவிடும். அதனால் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு மட்டும் போதாது. கிளம்பும்போதே அம்மா சொல்லிவிடுவார்: "இன்னைக்கு அந்தப் பார்ல (கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டு) தெளிவா இருக்கும், இடுப்பளவுதான் தண்ணி." திரும்பி வந்ததும் சொன்னது சரியா, தப்பா, தப்பென்றால் காற்றா நீரோட்டமா என்று கூடப் போன சித்திகளோடு பேசுவார். பலித்ததை மட்டும் பேசிவிட்டுப் பலிக்காததை விடுகிற பழக்கம் அவர்களிடம் இல்லை.

நான் ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறேன். அம்மாவிடம் பார்த்ததை நோட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய கேள்வித்தாள் போடும்போது விடையைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் 'உறுதி' அல்லது 'சந்தேகம்' என்று பென்சிலில் எழுதிவிடுவேன். சந்தேகம் என்று எழுதித் தப்பானவை பயமில்லை, அவற்றை எப்படியும் படித்துவிடுவேன். உறுதி என்று எழுதித் தப்பானவற்றைத்தான் முதலில் எடுப்பேன். மருந்து அளவுக் கணக்கில் அப்படி நிறைய வந்தது. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் கலந்து போட்டிருந்தேன். ஒன்றுக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம். தொண்டிக்காரர் சொன்ன மாதிரி, அது வார்டில் தெரியாமல் நோட்டிலேயே தெரிந்தது நல்லது.

இப்படி எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? உயிரியல் மாதிரி எழுதிப் படிக்கிற பாடத்துக்கு இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். கணக்கு இருக்கிற பாடத்தில்தான் எனக்கு இது வசப்பட்டிருக்கிறது.