சப்போர்ட் பண்ணுவார்களாம், எண்டார்ஸ் மட்டும் செய்ய மாட்டார்களாம்?

ஆத்தங்குடி மருமகள்:
எங்கள் வீட்டிலேயே டைல்ஸ் செய்து விற்கிறோம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் ஊற்றி, எல்லாம் கைவேலை. வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் ஒன்று எங்களிடம் வாங்கியது. அவர்கள் பெயரை எங்கள் நோட்டீஸில் போடலாமா என்று கேட்டேன். 'வி சப்போர்ட் யுவர் கிராஃப்ட், பட் வி டூ நாட் எண்டார்ஸ் புராடக்ட்ஸ்' என்று பதில் வந்திருக்கிறது. அகராதியில் இரண்டுக்குமே 'ஆதரி' என்றுதான் இருக்கிறது. மாமனார் "வேண்டாம்னு சொல்றாங்க, விடும்மா" என்கிறார். 'ப்ளீஸ் எண்டார்ஸ் ஃபார் அஸ்' என்று இன்னொரு தடவை கேட்கலாமா?

பழைய கேஷியர், காரைக்குடி:
கேட்காதேம்மா. அந்த 'ஃபார்' முதலில் தப்பு. 'எண்டார்ஸ் அவர் டைல்ஸ்' என்று நேராக வர வேண்டும். அதைத் திருத்தி அனுப்பினாலும் பதில் மாறாது.

நான் பாங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன். 1937-இல் ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் பாங்க்) தொடங்கிய அன்றே கிளை திறந்த ஊர் இது, இங்கே இந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. உன் பேருக்கு வந்த செக்கை இன்னொருவருக்கு மாற்றிவிட, பின்பக்கம் கையெழுத்துப் போடுகிறாய் அல்லவா, அதுதான் எண்டார்ஸ். லத்தீனில் 'டோர்சும்' என்றால் முதுகு. போட்டால் சும்மா போகாது. செக், புரோநோட்டுக்கெல்லாம் உள்ள 1881-ஆம் வருஷ மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, செக் திரும்பினால், வேறு மாதிரி எழுதி வைத்திருந்தாலொழிய, பின்னால் கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கு வந்த பிறகும் சொல்லுக்கு அந்தப் பயம் போகவில்லை. சப்போர்ட் என்பது மனசோடு நிற்கலாம். எண்டார்ஸ் என்றால் தன் பெயரைக் கொடுத்து ஊரறியச் சொல்வது. நாளைக்கு ஒரு டைல் விரிசல் விட்டால் அவர்களை அல்லவா கேட்பார்கள்! உன் மாமனார் சொன்னது சரிதான், காரணம்தான் சொல்லவில்லை.

தேவகோட்டை வக்கீல் குமாஸ்தா:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கே பத்து லட்சம் வரை அபராதம் உண்டு. விசாரித்துவிட்டுத்தான் நடித்தேன் என்று காட்டினால் தப்பிக்கலாம். எங்கள் பக்கம் புரோநோட்டின் முதுகில் வரவு எழுதுவதையும் எண்டார்ஸ்மென்ட் என்றுதான் சொல்வோம். இங்கிலாந்தில் டிரைவிங் லைசென்ஸில் எண்டார்ஸ் ஆனால் சந்தோஷப்படாதீர்கள், அது குற்றப்பதிவு.

ஆத்தங்குடி மருமகள்:
நன்றி அண்ணே. அப்படியானால் 'இவர்களுக்கு டைல்ஸ் கொடுத்திருக்கிறோம்' என்று மட்டும் போடலாமா?

பழைய கேஷியர், காரைக்குடி:
அது நடந்த விஷயம், 'சப்ளைடு டு' என்று எழுதலாம். ஆனாலும் அவர்கள் பெயர் அல்லவா, ஒரு வரி கேட்டுவிட்டுப் போடு. கேட்கும்போது எண்டார்ஸ் என்ற சொல்லையே எடுக்காதே.