தேன் பெட்டி வைத்தால் நிலத்துக்கு வரி குறையுமா?

வள்ளியூர்க்காரன்:
டெக்சாஸில் இருக்கிற எங்க அத்தான் 8 ஏக்கர் வாங்கி அதில் எட்டுத் தேன் பெட்டி வைத்திருக்கிறார், அதனாலேயே சொத்து வரி ரொம்பக் குறைந்துவிட்டது என்கிறார். எனக்கு இங்கே 4 ஏக்கர் முருங்கை இருக்கு. நம்ம ஊரில் அப்படி ஏதாவது உண்டா, இல்லை அத்தான் கதை விடுகிறாரா?

பாளை டு டல்லாஸ்:
கதை இல்லை அண்ணாச்சி, நிஜம்தான். இங்கே சொத்து வரி நிலத்தின் சந்தை விலையை வைத்துப் போடுவது, அதனால் ஊர் வளர வளர வரியும் ஏறிக்கொண்டே போகும். விவசாய நிலம் என்று காட்டினால் விளைச்சல் மதிப்புக்குத்தான் வரி. 2012 முதல் தேனீ வளர்ப்பும் அதில் சேர்ந்துவிட்டது, ஆனால் 5 முதல் 20 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். எத்தனை பெட்டி என்பது கவுண்டிக்குக் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மாறும், பல இடங்களில் முதல் 5 ஏக்கருக்கு ஆறு. இன்னொன்று, முந்தைய 7 வருஷத்தில் 5 வருஷமாவது அந்த நிலம் விவசாயத்தில் இருந்திருக்கணும். உங்க அத்தான் ஏற்கெனவே மாடு மேய்ந்த நிலமாகப் பார்த்து வாங்கியிருப்பார். பிறகு அதை மனையாக்கி வீடு கட்டினால் மூன்று வருஷ வரி வித்தியாசத்தைத் திருப்பி வாங்கிவிடுவார்கள்.

பழைய கணக்கு:
இங்கே குறைக்கிறதுக்கு முதலில் வரி இருக்கணுமே! புஞ்சைக்கு நீங்கள் கட்டுகிற கிஸ்தி டீச் செலவுக்குக் காணாது. பிளாட் போட்டு மனையாகிவிட்டால் காலி மனை வரி வரும், அதில் பெட்டியை வைத்துக்கொண்டு தள்ளுபடி கேட்டால் சிரிப்பார்கள்.

தேன்கூடு:
வரியை விடுங்க, மானியம் உண்டு. 2020-ல் 500 கோடி ரூபாயில் தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கம் அறிவித்தார்கள். இந்த வருஷம் உங்க வட்டாரத்துக்கு என்ன ஒதுக்கியிருக்கு என்று தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்க, போனில் ஒன்றும் நடக்காது.

வைக்கிறதானால் இந்தியத் தேனீ வாங்குங்க, மார்த்தாண்டம் பக்கத்தில்தான். ஸ்டாண்டுக் கால் நாலுக்கும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் கூட்டைக் காலி பண்ணிவிடும், நான் இரண்டு பெட்டியை அப்படித்தான் தொலைத்தேன். முருங்கைக்கு மருந்து அடிக்கிறதை ஈ கூடடைந்த பிறகு, சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்க. எங்க ஆட்கள் தை, மாசியில் பெட்டியை வண்டியில் ஏற்றிக் குமரி ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பில் சுரக்கிறது. சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

வள்ளியூர்க்காரன்:
சரி அண்ணாச்சி. வரிக்காக இல்லை, காய்ப்புக்காக நாலு பெட்டி வைத்துப் பார்க்கிறேன். கிண்ணத்தை முதலில் வாங்கிவிடுகிறேன்.